வெள்ளைத் தண்ணீர்

எங்கள் பனிமலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெள்ளையாக இருக்கும். பனி அரைத்த கல்மாவு அது. பானையில் பிடித்து வைத்து, மாவு அடியில் தங்கியதும் மேலாக மொண்டு குடிப்போம். தெளிந்தால் நல்ல தண்ணீர். ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த அறிவுதான் எங்களைக் கெடுத்தது.

அதே மாவு வருஷந்தோறும் வாய்க்காலை அடைக்கும். ஊரே இறங்கி முதுகொடிய அள்ளும். பனி பின்வாங்கிய கரும்பாறைக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஓர் ஓடை புதிதாகக் கிளம்பியதும், வாய்க்கால் தலைவர் செனோபியோ இனி அதையே ஊருக்குத் திருப்பிவிடலாம் என்றார். தூக்காத கை இல்லை. மலைக்குப் படையலாகச் சோளக்கள் ஊற்றிவிட்டு முதல் குவளையை அவரே குடித்தார். லேசாகப் புளிக்கிறதே என்று யாரோ இழுத்தார்கள்.

"முதல்ல வாயைக் கழுவிட்டுக் குடிடா," என்றார் செனோபியோ. சிரித்தோம். சிரிப்புக்கு என்ன குறைச்சல்.

அடுத்த மழைக்குள் வாய்க்கால் கற்கள் துருவேறிச் சிவந்தன. உருளைக்கிழங்கு கோலிக்குண்டுக்கு மேல் பருக்கவில்லை. என் நாத்தனார் டெல்ஃபினாவின் ஆடுகள் குறைமாதத்தில் குட்டி போட்டன. பிறகு தாய்களும் விழுந்தன. பிழைக்க லிமா நகரத்துக்குப் போன அவள் புருஷன் திரும்பவே இல்லை. ஆடுகளை விட்டால் அவளுக்கு நாதியில்லை. மிஞ்சியது ஒரே ஒரு சினையாடு.

வாராஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெண், தண்ணீரில் ஒரு சோதனைக் காகிதத்தை நனைத்து நிறம் பார்த்தாள். பனி மூடியிருந்தவரை அந்தப் பாறை சும்மா கிடந்தது, இப்போது காற்றும் நீரும் பட்டு அமிலமாகக் கரைகிறது, கல்மாவை அடியில் தள்ளித் தண்ணீரைத் தெளிய வைப்பதும் அந்தப் புளிப்புதான் என்றாள். செனோபியோ யார் முகத்தையும் பார்க்காமல், வெள்ளைத் தண்ணீர் வரும் பழைய ஓடைக்கே போவோம் என்றார்.

களைப்புத் தெரியாமலிருக்கக் கோகா இலையை வாயில் அதக்கிக்கொண்டு பழைய வாய்க்காலைத் தோண்டினோம். டெல்ஃபினா ஆட்டைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"அந்தச் சேத்துத் தண்ணி மட்டும் வரட்டும் அண்ணி. சாகுறவரைக்கும் நானே அள்ளுறேன்."

"வரும்டி. அப்புறம் இடுப்பு வலின்னு என்கிட்ட வராதே," என்றேன்.

மதகைத் திறக்க செனோபியோ மேலே போனார். வெகுநேரம் கழித்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. செனோபியோ இறங்கி வரவில்லை.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது; அடியில் கிடந்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பழைய ஓடைக்கு மேலேயும் பனி விலகிக் கரும்பாறை வெளியே வந்துவிட்டிருக்கிறது. ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், புளித்தது. ஆடு தாகத்தில் கழுத்தை நீட்ட, டெல்ஃபினா கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

"அண்ணி, இதுக்கு நான் எங்க போய்த் தண்ணி காட்டுவேன்?"

ஆடு இழுத்துக்கொண்டே இருந்தது.