கண்ணளவில் போட்ட பொடி

விடியுமுன் தீவனக் கலவை இயந்திரத்துக்குள் அளவுக் கரண்டியைத் தவறவிட்டவன் கைராசிதான். தொட்டதையெல்லாம் கெடுப்பதால் பால் பண்ணையில் அவனுக்கு வைத்த பெயர் அது. அந்தக் கரண்டி அளந்தது, பூண்டும் எலுமிச்சைத் தோலும் ஏதேதோ இலைகளும் அரைத்த பொடியை. தீவனத்தில் துளி கலந்தால், பூமியைச் சுடவைக்கும் வாயு மாட்டின் ஏப்பத்தில் குறையுமாம். மாட்டின் ஏப்பத்துக்கு மருந்து கண்டவர்கள், மூட்டையைப் பிரிக்கிறவனின் இருமலுக்கு ஒன்றும் காணவில்லை. புதுக் கரண்டி கேட்டால் முதலாளி வைவார். கண் எரிய, தும்மிக்கொண்டே, கைராசி தன் தேநீர்க் குவளையால் கண்ணளவில் அள்ளிப் போட்டான். மறுநாளும் போட்டான்.

மாடுகள் முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. நாலே நாளில் பால் இறங்கியது.

பழி பெரியக்கா தலையில் விழுந்தது. கறவைக் கூடத்தை நடத்துகிறவள் அவள். மடியில் பாலை மிச்சம் வைக்கிறாளாம். சனிக்கிழமைக்குள் வேலையையும், கொட்டகைக்குப் பின்னால் அவளும் மகளும் இருக்கும் அறையையும் விட்டுவிட வேண்டும் என்றார் முதலாளி. கைராசிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உண்மையும் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் முதலாளியின் அறைக்குப் போனான்.

"நான்தாங்க பொடிய அள்ளிக் கொட்டிட்டேன். அக்கா மேல தப்பில்ல."

முதலாளி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொடியால பால் கொறஞ்சுதுன்னு வெளிய தெரிஞ்சா, பூமிக்கு நல்ல பாலுன்னு எவன் வாங்குவான்? நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல."

"அப்ப அக்கா?"

"கறக்கற ஆளு நாளைக்கே கெடைக்கும்."

இத்தனை வருஷத்தில் அவன் கெடுத்த ஒன்றை முதலாளி மன்னித்தது அதுதான் முதல் தடவை. வசவே தேவலை என்றிருந்தது.

நேராகக் கறவைக் கூடத்துக்குப் போய் எல்லோர் முன்னும் சொன்னான். ஒருவர் அவன் பரம்பரையையே இழுத்தார். பெரியக்கா கறவைக் குழாயை அடுத்த மடிக்கு மாற்றினாள். கறவையையே நிறுத்துவோம் என்று கூடம் கொதித்தபோதுதான் வாய் திறந்தாள்: கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும், மாடுகள் என்ன பாவம் செய்தன? கறப்பது; ஆனால் பாலை டேங்கர் லாரியில் ஏற்றுவதில்லை. அவள் வேலையும் அறையும் திரும்ப வேண்டும், பொடிக்குத் தராசும் முகமூடியும் வர வேண்டும். அப்படியே முடிவானது.

மறுநாள் விடியலில், கறந்து முடித்த ஈரக் கைகளோடு எல்லோரும் டேங்கருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள்.

"அத்தனை பேரையும் அனுப்பிடுவேன்," என்றார் முதலாளி.

"அனுப்புங்க. சாயங்காலம் கணினி கறக்கட்டும்," என்றாள் பெரியக்கா.

முதலாளி யாருக்கோ போன் போட்டபடி உள்ளே போனார். டேங்கர் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

கைராசி மட்டும் சுவரோரம் நின்றான். முந்தின நாளிலிருந்து எல்லோரிடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான். சிலர் கேலி செய்தார்கள், சிலர் பேச்சை மாற்றினார்கள். இப்போது அவளிடமே கேட்டான்.

"எல்லாம் என்னாலதானேக்கா?"

பெரியக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா, உன்னாலதான். பொடிகூடப் போகட்டும், ரெண்டு நாள் வாய மூடிட்டு இருந்தியே, அது எனக்கு இன்னும் ஆறல. இன்னிக்கு ஆறாது. வந்து உக்காரு, இங்க ஆள் பத்தல."