வாய்மடை வைத்த வீடு

கண்டரமாணிக்கம் சேதுபதி கம்ப்யூட்டர் படிக்கப் போகிறார் என்பதை ஊரில் முதலில் நம்பியவர் பஸ் கண்டக்டர்தான். தினமும் காரைக்குடிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் அவர்; நம்பாமல் இருக்க வழியில்லை. மற்றவர்கள், மனுஷன் பல்லுக் கட்டப் போய்வருகிறார் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். மகள் ரோகிணி, செக்காலை ரோட்டில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். படிப்பு பாதியில் இருக்கும்போதே மதுரை மாப்பிள்ளை அமைந்து, ஐப்பசியில் கல்யாணமும் ஆகிப் போய்விட்டாள். கட்டிய பணம் திரும்பாது, வேண்டுமானால் வீட்டில் இன்னொருவர் வந்து மீதி வகுப்புக்கு உட்காரலாம் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். தன் பெயருக்கு ஒரு நாற்காலி காரைக்குடியில் சும்மா கிடக்கிறது என்ற நினைப்பில் சேதுபதிக்குச் சோறு இறங்கவில்லை. தொண்ணூற்று ஆறாம் வருஷம் கார்த்திகையில், நடவு முடிந்த கையோடு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே ஏ.சி. போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் காலையில் விட்ட கொட்டாவி மத்தியானம் வரை கரையாமல் அந்தரத்தில் நின்றதாகச் சேதுபதி ஊரில் வந்து சொன்னதில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். ஆனால் அவர் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது உண்மை. அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் ஜான் பீட்டர் என்ற பள்ளிக்கூட வாத்தியார். கேள்வித்தாள் தட்டச்சு செய்து பழகிக்கொண்டிருந்தார். யாரோடும் பேசமாட்டார்.

சொல்லிக்கொடுத்தவள் ஆரோக்கிய ஷீலா. மகள் வயதுதான் இருக்கும். பொறுமை மட்டும் மூன்று பேருக்கு உண்டானது. முதல் வாரம் டைப் அடிக்கச் சொன்னாள். எழுத்தை எல்லாம் வரிசையாக வைக்காமல் அள்ளி இறைத்து வைத்தவன் எவன் என்று சேதுபதி விசாரித்ததில் அந்த வாரம் போயிற்று. இரண்டாவது வாரம், இவருக்கு வேறு என்னதான் காட்டுவது என்று தெரியாமல், படம் வரைகிற பெயிண்ட் என்ற சாமானைத் திறந்துவிட்டாள். ஓரத்தில் பென்சில் இருந்தது, ரப்பர் இருந்தது, பிரஷ் இருந்தது. வாளி ஒன்று கவிழ்ந்த வாக்கில் இருந்தது. வாளியை ஒரு இடத்தில் வைத்து அமுக்கினால் அந்த இடம் முழுக்க நிறம் பாயும் என்று ஷீலா சொன்ன அந்த நிமிஷத்தில்தான் சேதுபதிக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ரோகிணியின் தலைப்பொங்கலுக்கு மதுரைச் சம்பந்தக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் புதிதாக மாடியோடு கட்டிய மெத்தை வீட்டுக்கு வெளிப்பக்கம் வண்ணம் அடிக்கவேண்டும். சேதுபதிக்கு நீலம். அவர் மனைவி மீனம்மாளுக்கு ரோஸ்.

“நீலம் அடிச்சா வாரவுக குளிக்கிற ரூமுன்னு நினைச்சுச் சோப்பைத் தேடுவாக,” என்றாள் மீனம்மாள்.

“ரோஸ் அடிச்சா தெருப் பிள்ளைக பஞ்சுமிட்டாயின்னு செவத்தை நக்கும்,” என்றார் சேதுபதி.

இருவருக்கும் நடுவில், வண்ணம் அடிக்க வந்த மருது சாரம் கட்டி ஏணியும் சாத்திவிட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். சும்மா காத்திருக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தார். அவர் கை நனைக்கிற வேளையில் குதிருக்குள் நெல் சரிகிற சத்தம் தெரு முக்கு வரைக்கும் கேட்டது. ‘அவசரமில்லண்ணே, நீங்களும் மதினியும் ஆற அமரப் பேசுங்க’ என்று அவர் அடிக்கடி ஆறுதல் வேறு சொன்னார்.

சேதுபதிக்கு இது வெறும் வண்ணமாக இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கதவுக்கு, கட்டிலுக்கு, மாட்டுக் கொம்புக்கு, அவர் வேட்டியின் கரைக்குக்கூட நிறம் சொன்னவள் மீனம்மாள்தான். சண்டை போட்டு அல்ல. இவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் வாங்கிவந்துவிடுவாள். வீட்டின் முகத்துக்காவது தன் பேச்சு ஒன்று நிற்கவேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை. அன்று ராத்திரிச் சோற்றுக்கு நடுவே கம்ப்யூட்டர் வாளியைப் பற்றி அவர் சொல்ல, மீனம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சரி. அந்தப் பெட்டியில நம்ம வீட்டை வரஞ்சு நீலத்தை ஊத்திக் காட்டுங்க. எங் கண்ணுக்குப் பிடிச்சா நீலம். இல்லைன்னா ரோஸ். சனிக்கிழமை சாமான் வாங்க அங்குட்டுத்தான் வாரேன், பாக்கிறேன்.”

மறுநாளே சேதுபதி பென்சிலைப் பிடித்துவிட்டார். கலப்பையின் மேழியைப் பிடிக்கிற பிடியில் மவுஸைப் பிடித்ததால் முதல் கோடு வீட்டுச் சுவராகத் தொடங்கி மேசையின் விளிம்பு வரை போய், அங்கிருந்து ஜான் பீட்டரின் முழங்கையில் முட்டி நின்றது. இரண்டு நாளில் கை படிந்தது. வீடு வந்தது, மாடி வந்தது, ஜன்னல்கள், ஓரத்தில் தென்னை, அதன் அடியில் ஒரு பசு. பசு கொஞ்சம் பெட்டி மாதிரி இருந்தாலும் கொம்பை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். வாளியை எடுத்து, சுவருக்குள் வைத்து, நீலத்தை அமுக்கினார்.

வீடு நீலமானது. ஜன்னலும் நீலமானது. தென்னை, பசு, தெரு, வானம் எல்லாம் நீலமாகித் திரை முழுக்கத் தளும்பி நின்றது. பக்கத்தில் ஜான் பீட்டர் கால்கள் இரண்டையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

காரணம் ரொம்பச் சின்னது. சேதுபதி கண்மாய்ப் பாசனத்துக்காரர். நாலு பக்கமும் வரப்பை மட்டும் போட்டுவிட்டால் வயல் ஆகிவிடாது. தண்ணீர் நுழைய ஓர் இடத்தில் வரப்பை வெட்டி வாய்மடை விடவேண்டும். இது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து தெரியும். ஆகவே வீட்டைச் சுற்றிக் கோடு இழுத்தபோது, நிறம் உள்ளே வருவதற்கென்று கீழ் மூலையில் ஒரு கடுகளவு இடம் விட்டிருந்தார். ஜன்னலுக்கு ஒன்று, தென்னைக்கு ஒன்று, பசுவுக்கும் வயிற்றுப் பக்கமாக ஒன்று. யாரையும் வஞ்சம் பண்ணவில்லை.

ஷீலா ஓடிவந்து நீலத்தை வடித்தாள். கோடு எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, முட்டவிடுங்கள் என்றாள். விட்டுப்போகவில்லை, விட்டது, ஆனால் படித்த பிள்ளையிடம் விவசாயம் பேசி அவளைச் சங்கடப்படுத்துவானேன் என்று சேதுபதி தலையை மட்டும் ஆட்டினார். மடை பெரிதாகிவிட்டது என்பது அவர் கணிப்பு. சின்னதாக்கினார். அப்போதும் ஊர் முழுகியது. தாழ்வான பக்கம் மடை வைத்தால் வடியத்தானே செய்யும் என்று, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மாற்றினார். நீலம் மேடு ஏறிப் போய்ப் பசுவை நனைத்தது. தண்ணீர் மேடு ஏறியதைத் தன் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அந்த ஜில்லாவிலேயே தான்தான் என்று அவருக்கு அன்று சாயங்காலம் பஸ்ஸில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஷீலாவுக்குப் பாவமாக இருந்தது. அவர் போனபின் அவர் படத்தைத் திறந்து, திறந்து கிடந்த இடங்களை எல்லாம் பென்சிலால் அடைத்துவைத்துவிட்டுப் போனாள்.

காலையில் சேதுபதி வந்து பார்த்தார். எல்லா மடையும் அடைபட்டிருந்தது.

அந்தச் சீமையில் ஒருவன் வாய்மடையை இன்னொருவன் அடைத்தால் அது பேசித் தீர்கிற காரியம் அல்ல. அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது, சம்பந்தம் முறிந்தது எல்லாம் ஒரு கைப்பிடிக் களிமண்ணால்தான். சேதுபதி ரப்பரை எடுத்து மடைகளைத் திறந்தார். ஜான் பீட்டரை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்து நிலத்துக்காரர் அவர்தானே.

மறுநாளும் அடைபட்டிருந்தது. நாளைக்குச் சனிக்கிழமை. சேதுபதி நாற்காலியைத் திருப்பினார்.

“வாத்தியாரய்யா, நீங்க நாலு பேருக்கு நல்லது சொல்லிக்குடுக்கிறவுக. அடுத்தவன் மடையை அடைக்கலாமா?”

ஜான் பீட்டர் தன் கேள்வித்தாளில் ஏதாவது மடை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, எந்த மடை என்று கேட்டார்.

“அதான் வாய்மடை. ராவோட ராவா அடச்சிட்டு, காலையில ஒண்ணுந் தெரியாத மாதிரிக் கொட்டாவி விடுறீக.”

அறையே திரும்பிப் பார்த்தது. ஷீலா வந்து, அதை அடைத்தது தான்தான் என்றாள். சேதுபதி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

“நீயா தாயி? ஒனக்கு நான் என்ன குறை வச்சேன்?”

“அடைக்காட்டி நிறம் வெளிய போயிருமேய்யா.”

“அடைச்சா எப்படி உள்ள வரும்?”

இந்தக் கேள்வியை ஷீலாவிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் திரையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பசுவின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“வெளியிலருந்து பாஞ்சு வரலைங்கய்யா. மேல இருந்து விழுகுது. மழை மாதிரி.”

சேதுபதி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

“மானாவாரியா? இதை மொத நாளே சொல்லப்படாதா தாயி? நான் பாட்டுக்குக் கண்மாய்ப் பாசனம்னு நினைச்சு வெட்டிக்கிட்டு இருக்கேன்.”

ஜான் பீட்டருக்கு அன்று டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணினார். வாத்தியார் சாப்பிட்டுக்கொண்டே, தன் வீட்டு வாசலிலும் ஒரு தென்னை இருப்பதாகச் சொன்னார். அந்த நிலையத்தில் அவர் சுயமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சனிக்கிழமை காலை சேதுபதி எல்லாக் கோட்டையும் முட்டவிட்டார். முட்டியது போதாது என்று மேலே இன்னொரு கோடு இழுத்தார். எறும்பு வந்திருந்தால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும்.

பதினோரு மணி வாக்கில் மீனம்மாள் வெங்காயப் பையோடு படியேறி வந்தாள். உள்ளே வந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இந்தக் குளிருக்கு வெங்காயத்தை இங்கேயே போட்டுவைத்தால் ஆடி வரைக்கும் முளைக்காதே என்று ஷீலாவிடம் விசாரித்தாள். பிறகு புருஷன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“எங்க, ஊத்துங்க பாப்போம்.”

சேதுபதி வாளியை எடுத்தார். மழை என்று ஆனபின் அதை எங்கே வைப்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மழை சுவருக்குள்ளிருந்து பெய்யாது. வாளியை மேலே மேலே கொண்டுபோய், மொட்டைமாடிக்கு நேர் மேலே, வானத்தில் வைத்தார். ஷீலா வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அமுக்கிவிட்டார்.

வானம் நீலமானது. தெரு நீலமானது. வீட்டின் இரண்டு பக்கமும் நீலம் இறங்கித் திரையின் நாலு மூலையிலும் நிறைந்து நின்றது. நடுவில் வீடு மட்டும், வரைந்தபடி, பளிச்சென்று வெள்ளையாக நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளைத் தென்னை. அதன் அடியில் வெள்ளைப் பசு.

சேதுபதி மனசுக்குள் அவர் மெத்தை வீட்டுக்கு ரோஸ் நிறம் ஏறிக்கொண்டு வந்தது. முடிந்தது கதை. ஷீலா அழிப்பதற்குக் கை நீட்டினாள்.

“இரு தாயி. அதை அழிக்காத,” என்றாள் மீனம்மாள்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தாள். திரும்ப முன்னால் வந்தாள்.

“ஒரு சொட்டு உள்ள இறங்கலை,” என்றாள். “சுத்தி இம்புட்டு நீலம் நிக்கிறப்ப வெள்ளை வீடு எம்புட்டு எடுப்பா இருக்கு. கோயில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி.”

கை தவறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்த சேதுபதி, எடுத்த வாயை அப்படியே வேறு பக்கம் திருப்பினார்.

“அதுக்குத்தான அங்குட்டு ஊத்துனேன்.”

மீனம்மாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அத்தனை வருஷமாகப் பார்த்த முகம். அதில் எது எங்கே ஒளிந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

“அதுக்குத்தான் ஊத்துனீகளாக்கும்,” என்றாள். “சரி, வெள்ளையே இருக்கட்டும். மருது சோத்தை விட்டு எந்திரிச்சுச் சுண்ணாம்பை ஊறப்போடட்டும். ரோஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

நீலம் வீட்டுக்கு வரவில்லைதான். ஆனால் தான் வைத்த ஒரு நிறத்தை மீனம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசித்துப் பார்ப்பதை அவர் இப்போதுதான் பார்க்கிறார். வீட்டைவிட வானம் பெரிது என்பதையும் மனசுக்குள் சேர்த்துக்கொண்டார். கணக்குப் பார்த்தால் தனக்கு வந்ததே கூடுதல்.

மீனம்மாள் கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை. வெங்காயப் பையை அவர் மடியில் வைத்தாள்.

“அந்த மாட்டுக்கு மட்டும் ரோஸ் ஊத்துனா ஏதும் கெட்டுப்போகுமா, டீச்சர்?”

கெட்டுப்போகாது என்றாள் ஷீலா.

“நகருங்க,” என்றாள் மீனம்மாள்.

சேதுபதி பையோடு எழுந்து, நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு, ஜான் பீட்டர் பக்கமாக ஒதுங்கி நின்றார். பசு ரோஸ் ஆனது. பசுவைப் பார்த்தபின் தென்னையை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டு மணி பஸ் போயிற்று. ஒரு மணி பஸ்ஸும் போயிற்று. ஜன்னலுக்கு மஞ்சளா, பச்சையா என்று அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். அவர் யோசித்து முடிப்பதற்குள் மஞ்சளை ஊற்றிவிட்டாள். மஞ்சள் நன்றாகத்தான் இருந்தது.