வெர்லின் திருகிய குழல்

கிளைட் அந்த ரிவால்வரை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அப்புறம் அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினான். எந்தக் கண்ணால் பார்த்தாலும் சாய்வு சாய்வுதான்.

"நாசமாப் போச்சு," என்றான், ஆளில்லாத பட்டறை மேஜையிடம்.

மேஜைக்குச் சொந்தக்காரன், அவன் அண்ணன் வெர்லின், அந்நேரம் சர்ச்சில் பெட்டிக்குள் கழுத்தில் டை கட்டிப் படுத்திருந்தான். உயிரோடு இருந்தபோது அவனுக்கு டை கட்ட ஒருத்தராலும் முடிந்ததில்லை. பனி உருகும்வரை தாங்குவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்வதை கிளைட் எந்நாளும் நம்பியதில்லை. இந்தத் தடவை அந்த ஆள் சொன்னது பலித்துவிட்டதில்தான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

போன வாரம் முழுக்க வெர்லின் இந்த ரிவால்வரோடுதான் உட்கார்ந்திருந்தான். பழைய குழல் வீங்கிப்போனதால் அதைக் கழற்றிப் புதுசு போட்டான். குழலின் அடியில் மரை இருக்கும். அதைத் துப்பாக்கியின் உடலில் திருகி ஏற்றவேண்டும். இறுகி நிற்கும்போது நுனியில் குறிபார்க்க வைத்த முள் நட்டக்குத்தாக நிற்கவேண்டும். அதற்காகத்தான் குழலின் தோளை அரத்தால் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்ப்பது. ஒரு தேய்ப்பு கூடிவிட்டால் குழல் அளவுக்கு மேல் திரும்பி, முள் இடப்பக்கம் சாய்ந்துவிடும். முள் இடப்பக்கம் சாய்ந்தால் குண்டு வலப்பக்கம் போகும். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. ஆயுசெல்லாம் குழல் மாட்டியவன் கடைசிக் குழலில் போய் அதைச் செய்திருந்தான்.

இன்றைக்கு என்று பார்த்தா அது சாய்ந்திருக்கவேண்டும்? அந்த மொன்டானா பள்ளத்தாக்கில் சுடும் சங்கத்து ஆள் ஒருத்தர் செத்தால், கல்லறைக்குப் பின்னால் மண்மேட்டு ஓரத்தில் ஒரு இரும்புத் தட்டைத் தொங்கவிடுவார்கள். செத்தவரின் துப்பாக்கியாலேயே வீட்டு ஆள் ஒருத்தர் அதைச் சுடவேண்டும். ஒரே குண்டு. தட்டு ஒலித்தால் ஆள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம். ஒலிக்காவிட்டால் அந்தக் குடும்பம் அதோடு தொலைந்தது. உள்ளூர்க்காரன் டுவைட் அவன் அப்பாவுக்குச் சுட்டுத் தவறவிட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்னும் அவன் பெட்ரோல் போட வந்தால், "ஒங்கப்பா இன்னும் மோட்ச வாசல்ல நிக்கிறாராமே, உள்ள விட்டாங்களா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

கிளைட் பீர் டின்னைக் கத்தரித்து மெல்லிசாய் ஒரு வாஷர் செய்து வைத்திருந்தான். குழலைக் கழற்றி இதைச் செருகித் திருகினால் முள் நிமிர்ந்துவிடும். கேவலமான வேலைதான். வெர்லின் பார்த்தால் செருப்பால் அடிப்பான். ஆனால் அவன்தான் டை கட்டிப் படுத்திருக்கிறானே.

"அதத் தொடாத, கிளைட்."

வாசலில் வெர்லினின் மனைவி நேடின். கறுப்பு உடை, அதன்மேல் மாவு படிந்த ஏப்ரன், தலையில் இன்னும் முடி சுருட்டும் குழாய்கள்.

"தொடல. சும்மா பாத்துட்டிருக்கேன்."

"கையில ஸ்பேனர் இருக்கே."

"அதுவும் பாத்துட்டிருக்கு."

"இங்க குடு."

"முள்ளு சாஞ்சு கெடக்கு நேடின். ஒம் புருஷன் அரத்தப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டான்."

"அவர் அன்னைக்கே சொன்னாரு. 'கிளைட் வந்து மொறைப்பான், ஸ்பேனரப் புடுங்கி ஒளிச்சு வை'ன்னு." அவள் அதைப் பிடுங்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வேலை முடிஞ்சுதுன்னு சொன்னாரு. முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது."

"சரி, சுடுறது நான்தானே? முள்ளு சாய்வுக்குத் தக்கன நான் பாத்துச் சுட்டுக்குவேன்."

"நான் சுடப்போறேன்."

கிளைட் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"நீயா?"

"அதையும் அவர்தான் சொன்னாரு."

நேடின் நல்ல பெண்பிள்ளை. அவள் செய்யும் ருபார்ப் பை என்ற புளிப்புத் தண்டுப் பலகாரத்துக்காக இரண்டு ஊர் தள்ளியிருந்தெல்லாம் வருவார்கள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து வெர்லின் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் அவள் சுட்ட குண்டு ஒன்றுகூட நேரே போனதில்லை. விசையை இழுக்கும்போது கையும் சேர்ந்து இழுக்கும். எல்லாம் இலக்குக்கு இடப்பக்கம், ஒரு சாண் தள்ளி. வருஷா வருஷம் சங்கத்து விருந்தில் இடப்பக்கத்து வேலிக்கம்பம்தான் செத்தது.

"அண்ணன் வாசல்லயே நிக்கட்டும்கிற, அப்படித்தானே?"

"போய் மூஞ்சியக் கழுவு," என்றாள் நேடின். "தாடியில இரும்புத்தூள்."

மத்தியானம் வெயில் நன்றாக அடித்தது. பாதிரியார் சுருக்கமாக முடித்தார். குளிரில் நிற்கிறவர்களுக்கு நீளமாகப் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. இன்று குளிரில்லை, பழக்கதோஷம். பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் நேடின் கைப்பையைத் திறந்து ரிவால்வரை எடுத்தாள். உடனே ஆண்களில் பாதிப் பேர் நடந்துபோய், இடப்பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளை எடுத்து வலப்பக்கம் நிறுத்தினார்கள். பாதிரியாரும் போனார்.

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றாள் நேடின், திரும்பாமலே.

"நாங்க ஒண்ணும் சொல்லலயே," என்றான் டுவைட்.

அவள் இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். கிளைட் தரையைப் பார்த்தான். வெடித்தது. அவள் கை எப்போதும்போல் இடப்பக்கம் வெட்டி இழுத்தது. அதை அவன் ஓரக்கண்ணால் பார்த்தேவிட்டான்.

ணங்!

தட்டு கிறுகிறுவென்று சுற்றியது. அப்புறம் தொப்பிகள் பறந்தன. பாதிரியார் சொன்ன வார்த்தை பாதிரியார் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை.

"நடுவுல! நட்டநடுவுல!" என்று கத்தினான் டுவைட். "சடங்கு முடிஞ்சுது கிளைட், துப்பாக்கியில மிச்சமிருக்கிற குண்ட நீ போடு. அண்ணி அளவுக்கு வராட்டியும், சும்மா ஒரு மரியாதைக்கு."

கிளைட் வாங்கிக்கொண்டான். குழல் நேராகத்தான் இருக்கிறது, நம் கண்தான் கெட்டுப்போச்சு போல என்று நினைத்தான். தட்டின் நடுவில் முள்ளை வைத்து, மூச்சைப் பிடித்து, பூப்போல விசையை இழுத்தான்.

தட்டுக்கு வலப்பக்கம் மண் தெறித்தது. ஒரு சாண் தள்ளி.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "காத்து," என்றான் கிளைட்.

"எங்க காத்து? புல்லுகூட அசையலயே!"

அவன் ரிவால்வரைத் திருப்பி மறுபடி முள்ளைப் பார்த்தான். வலப்பக்கம் ஒரு சாண். அவள் இடப்பக்கம் இழுப்பதும் அதே ஒரு சாண். குழிக்குள் பெட்டியை எட்டிப் பார்த்தான். அந்தத் திருட்டுப்பயல் ஒரு தேய்ப்புகூடத் தெரியாமல் தேய்க்கவில்லை.

சர்ச் கூடத்தில் காப்பியும் ஹாமும் சீஸ் உருளைக்கிழங்கும் பரப்பியிருந்தார்கள். நேடினைச் சுற்றி ஒரே கூட்டம். அவள் கன்னமெல்லாம் சிவந்துபோய், கல்யாணப் பெண்மாதிரி நின்றாள். கிளைட்டைக் கண்டதும் பலகாரத் தட்டோடு வந்தாள்.

"பாத்தியா? இத்தனை வருஷமா சொன்னாரு, கை ஆடுது, கை ஆடுதுன்னு. இன்னைக்கு ஆடல பாரு. நேராப் புடிச்சேன். எனக்கே தெரிஞ்சுது."

கிளைட் வாயைத் திறந்தான். சட்டைப்பையில் விரலுக்கு வாஷர் தட்டுப்பட்டது.

"என்ன, ஏதோ சொல்ல வந்தியே?"

அவன் அவள் தட்டிலிருந்து ருபார்ப் பலகாரத்தில் பெரிய துண்டாக எடுத்து, திறந்த வாய்க்குள் முழுசாகத் திணித்துக்கொண்டான். வாஷரை விரலிடுக்கில் மடித்தான், நிமிர்த்தினான், மறுபடி மடித்தான். சட்டைப்பைக்குள்ளேயே அது இரண்டாக ஒடிந்தது.