மீன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

மாவட்டச் சின்னத்தின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தபோது கஸ்பார் பாராட்டைத்தான் எதிர்பார்த்தார். வைஹர்பாக், ஸ்டாடல்பெர்க் என்ற இரண்டு பழைய மாவட்டங்களை அரசாங்கம் ஒன்றாக்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. புது மாவட்டத்துக்குச் சின்னம் அமைக்கும் வேலை ஆவணக் காப்பாளரான அவர் தலையில் விழுந்தது. கேடய வடிவச் சின்னத்தின் இடப்பாதியில் வெள்ளிக் கெண்டை மீன், அவர் பிறந்த வைஹர்பாக்கின் குளங்களுக்காக. வலப்பாதியில் வெள்ளை வாத்து, எப்போதும் வாத்தோடு வரையப்படும் ஸ்டாடல்பெர்க் தேவாலயத்துப் புனிதருக்காக. அது அவர் மனைவி வால்புர்காவின் ஊர்.

வால்புர்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க வாத்து ஏன் உங்க மீனோட வாலையே பாத்துக்கிட்டு நிக்குது?"

கேடயத்தில் எந்தப் பிராணியும் இடப்பக்கம்தான் பார்க்க வேண்டும், அது பல நூற்றாண்டு விதி என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"இருபத்திரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு உன் முதுகைப் பாத்துக்கிட்டேதான் நடக்கிறேன். படத்துலயுமா?"

அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் செய்யும் உருளைக்கிழங்கு உருண்டையும் நின்றது. உருண்டைக்காகத்தான் வருந்துகிறோம் என்று கஸ்பார் ஒரு வாரம் தன்னையே ஏமாற்றிக்கொண்டார். அதற்குமேல் முடியவில்லை, வீடு வெறிச்சென்று இருந்தது.

மாவட்டச் சபையிலும் அதே கதைதான். ஸ்டாடல்பெர்க் உறுப்பினர்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வாலைப் பார்த்து நிற்கும் வாத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவது என்றார் ஒருவர். வேறு வழியே கிடையாதா என்று தலைவர் கேட்டார். கஸ்பார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஒரே கேடயத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு உருவங்கள் மரியாதைக்காக ஒன்றையொன்று பார்க்கலாம், அதுவும் பழைய விதிதான் என்றார். "ஆனா மீன்தான் திரும்பணும்."

தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார்.

"இந்த விதி உனக்கு மொதல்லயே தெரியுமா?" என்றாள் வால்புர்கா. ஒன்பது நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

வாய்வரை வந்த பொய்யை அவர் விழுங்கினார். "தெரியும்."

"அப்புறம்?"

"மீன் திரும்பலாம்னு எனக்குத் தோணவே இல்ல."

அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பழக்கதோஷத்தில் கஸ்பார் பத்தடி முன்னால் போய்விட்டார். ரொட்டிக்கடை முனையில்தான் உறைத்தது. சட்டென்று நின்று முழுதாகத் திரும்பி, தொப்பியைக் கையில் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றார். பாதி ஊர் பார்த்தது. வால்புர்காவும் பார்த்தாள். நடையை மட்டும் அவள் கூட்டவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துச் சரிசெய்துகொண்டு, நிதானமாக வந்துகொண்டிருந்தாள்.