பிள்ளை பெஞ்சு

வலது தோளில், எலும்புக்கும் தோலுக்கும் நடுவே யாரோ ஒரு கை மணலை அள்ளிப் போட்டுவிட்டதுபோல அறுத்தது. விடிவதற்கு முன்பே மண்டியில் வெங்காய மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கி, குழாயடியில் முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு பேருந்தைப் பிடித்திருந்தாள். கல்லூரியில் அவளுக்கு மூட்டையக்கா என்று பெயர். வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவள். ‘அக்கா’ என்று சேர்த்ததே பெரிய மரியாதை என்று பெயர் வைத்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பேருந்தில் பக்கத்தில் கண்ணாடி உட்கார்ந்திருந்தாள். சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டவள். முதல் வருஷத்திலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு.

“இன்னிக்கு நீ பண்ணப்போற தப்பு அதேதானே? மாறலயே?” என்று கேட்டாள் மூட்டையக்கா.

“நேத்தே சொன்னேன்லக்கா. தோள்ல சாஞ்சு தூங்கு. எடம் வந்ததும் எழுப்பறேன்.”

அவள் சாய்ந்து தூங்கிப்போனாள்.

கணக்குப் பட்டப் படிப்பில் அவர்களுடையது வாத்தியார் பிரிவு. பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகிறவர்கள். எப்சிலான் வைத்து நிரூபிக்கிற எல்லைகளும் தொடர்களும் படிக்கும்போது ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகளோடு ஒரே அறையில் உட்கார வேண்டும். அவர்கள் இவர்களை வாய்ப்பாட்டுக் கும்பல் என்பார்கள். மூட்டையக்கா அந்தத் தாள்களில் விழுந்து எழுந்து ஒவ்வொன்றாகத் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது பாடம் நடத்திக் காட்டுவது மட்டும். அதில் தேறினால் வேலை, தேறாவிட்டால் மூட்டை. இடுப்பு உடைந்து கட்டிலில் கிடக்கும் புருஷனுக்கும் அது தெரியும். மண்டி மேஸ்திரியிடம் சொல்லியனுப்பி, “அடுத்த மாசம் என் பெண்டாட்டி டீச்சர். வேற ஆளைப் பாத்துக்கோ” என்று பீற்றியும் விட்டான்.

பாடம் நடத்தும் நாளில் கூடப் படிக்கிறவர்களே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக மாறி முன்பெஞ்சில் உட்காருவார்கள். அதற்குப் பிள்ளை பெஞ்சு என்று பெயர். பேராசிரியர் முதல் நாளே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கணக்கில் என்ன தப்புச் செய்ய வேண்டும் என்று காதில் சொல்வார். நடத்துகிறவர் அந்தத் தப்பைப் பிடித்து, பிள்ளை ஏன் அப்படிச் செய்தது என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். பிள்ளை வேஷத்துக்கும் மார்க் உண்டு. பேராசிரியருக்குப் பட்டப்பெயர் சைபர். அதைத்தான் அவர் தாராளமாகப் போடுவார்.

காதில் சொன்னதை உடனே நடத்துகிறவருக்குக் கடத்திவிடுவது பிள்ளைகளின் வழக்கம். கண்ணாடி பாடம் நடத்திய அன்று பிள்ளையாக இருந்தவள் மூட்டையக்காதான். தப்பை ஒரு எழுத்து விடாமல் முன்னாடியே சொல்லிவிட்டாள். கண்ணாடி ஜம்மென்று தேறினாள். இப்போது முறை மாறியிருந்தது.

பாடம்: பின்னத்தைச் சுருக்குவது. மேலேயும் கீழேயும் ஒரே எண்ணைக் கழிப்பேன், அதுதான் தப்பு என்று கண்ணாடி சொல்லியிருந்தாள். அதற்காகவே காகிதப் பட்டைகளை மடித்து, வண்ணம் அடித்து, பை நிறையக் கொண்டுவந்திருந்தாள் மூட்டையக்கா.

“டீச்சர், நான் வரட்டா?” கண்ணாடி இரட்டைப் பின்னலை ஆட்டிக்கொண்டு மழலையில் கேட்டாள். வகுப்பு சிரித்தது.

“வாம்மா.”

கண்ணாடி பலகையில் மேலே பதினாறு, கீழே அறுபத்து நாலு என்று எழுதினாள். மேலே இருந்த ஆறுக்கு ஒரு கோடு, கீழே இருந்த ஆறுக்கு ஒரு கோடு. மிச்சம், மேலே ஒன்று, கீழே நாலு.

மூட்டையக்காவின் கை காகிதப் பட்டையில் இருந்தது. கழித்தல் வரவில்லையே. நாலு நாலு பதினாறு, பதினாறு நாலு அறுபத்து நாலு. கால்தான், விடை சரி. பாவம், எனக்கு வலி என்று தெரிந்து தப்பே இல்லாமல் போட்டுவிட்டாள், கடைசியில் சின்னதாக ஏதாவது செய்வாள் என்று நினைத்தாள். வலிக்கிற கையைத் தூக்கிப் பெரிதாக ஒரு சரிக்குறி போட்டாள்.

“கெட்டிக்காரி. உட்காரு.”

பின்பெஞ்சிலிருந்து சைபரின் குரல் வந்தது. “இன்னொண்ணு போடச் சொல்லுங்க டீச்சர்.”

கண்ணாடி மேலே இருபத்தாறு, கீழே அறுபத்து நாலு எழுதினாள். ஆறுக்கு ஒரு கோடு, ஆறுக்கு ஒரு கோடு. நாலில் இரண்டு. “அரை, டீச்சர்!”

அறுபத்து நாலில் பாதி முப்பத்திரண்டு. இருபத்தாறு எப்படிப் பாதியாகும்? மூட்டையக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“இல்லம்மா, இது... இது தப்பு.”

“ஏன் டீச்சர்? போன கணக்குக்குச் சரி போட்டீங்களே?” மழலை கொஞ்சமும் குறையவில்லை.

வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் வாயைத் திறந்தாள். அறுபத்து நாலில் இருக்கும் ஆறு ஆறல்ல, அறுபது. பதினாறில் இருக்கும் ஆறு வெறும் ஆறு. அது அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்வதற்குப் பதில் பையைத் துழாவினாள். பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தாள். அது கழித்தலுக்கு மடித்தது. திரும்ப வைத்தாள்.

சைபர் எழுந்து வந்தார். “எப்சிலானுக்குப் பாஸ், பின்னத்துக்கு ஃபெயில். விடையை மட்டும் பாத்துச் சரி போடறதுக்கு வாத்தியார் எதுக்கும்மா? மண்டியில எடை போடறவன் போதுமே.”

“சார், இன்னொரு தடவை...”

“தாராளமா. அடுத்த வருஷம். அதுவரைக்கும் விதி தெரியுமில்ல?”

தெரியும். தோற்றவர்கள் மறுபடி தேறும்வரை, அடுத்த வருஷப் பிள்ளைகள் பாடம் நடத்தும்போதெல்லாம் பிள்ளை பெஞ்சில் உட்கார வேண்டும்.

வாசலில் கண்ணாடி பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப மாத்தினாரு?” என்று கேட்டாள் மூட்டையக்கா.

“நேத்து சாயங்காலம். முன்னாடியே கடத்திக்கிறோம்னு மோப்பம் பிடிச்சிட்டாருக்கா. நீ தயாரா இருந்தா என் மார்க்கையும் சேர்த்துக் கிழிப்பேன்னாரு.”

“பஸ்ல என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த?”

“நீதான் தூங்கிட்டியே,” என்றாள் கண்ணாடி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அதைத் திரும்பப் போட்டுக்கொள்ள நேரமாயிற்று.

வீட்டில் புருஷன் கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தான். “டீச்சரம்மா வந்தாச்சா?”

அவள் பையைத் தரையில் போட்டாள். பட்டைகள் சிதறின.

“அப்ப மூட்டை?” என்றான்.

“மூட்டைதான்.”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் பீற்றியதை நம்பி, நிழலில் உட்கார்ந்து வெங்காயம் தரம் பிரிக்கிற இடத்துக்கு மேஸ்திரி வேறொருத்தியைப் போட்டிருந்தார். மூட்டையக்காவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த இடம் அது. மறுநாள் லாரியடியில் அவளைப் பார்த்ததும், “என்ன டீச்சர், பள்ளிக்கூடம் லீவா?” என்றார். சுமைக்காரர்கள் எல்லாரும் அன்றிலிருந்து அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

புது வருஷத்தில் அவள் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். தம்பி வயதுப் பையன்கள் அவளை, “பாப்பா, எழுந்து நில்லு” என்றார்கள். எழுந்து நின்றாள். சைபர் காதில் சொன்ன தப்பைச் செய்தாள். யாருக்கும் முன்னாடியே சொல்லவில்லை.

ஒரு நாள் காலை அதே பேருந்தில் கண்ணாடி ஏறினாள். கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் பள்ளிக்கூட அட்டை. பக்கத்து இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி, பிள்ளைகளின் சேட்டையைப் பற்றி ஏதேதோ சொன்னாள். அந்த நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தோளைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள்.

“சாஞ்சுக்கோக்கா. எடம் வந்ததும் எழுப்பறேன்.”

மூட்டையக்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தோள் அறுத்தது. கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்த தூக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டினாள்.

“அன்னிக்கு நீ எனக்கு ஒரு தப்பு சொல்லியிருக்கணும்,” என்றாள். “அது இன்னும் பாக்கி.”