அத்தைக்குச் சொன்ன தப்புக் கதை

விவாகரத்து முடிந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் 'கரை தேடும் கலம்' என்ற விண்கலத் தொடரின் புது சீசன் வந்தது. முதல் எபிசோட் சனிக்கிழமை மாலை இணையத்தில் ஏறியது. மறுநாள் காலை அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அழைத்தது பழைய மாமியார். எடுப்பதா விடுவதா என்று ஈரக் கையோடு கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்தாள்.

"பார்த்தியா? அந்த டாக்டரம்மாவைக் கொண்டுபோய்க் குளிர்பெட்டில தூங்க வச்சு அடைச்சுட்டாங்க," என்றார் அத்தை. எப்படி இருக்கிறாய் என்ற விசாரிப்பெல்லாம் இல்லை.

"அடைக்கலைன்னா கப்பல்ல எல்லாருக்கும் காத்து பத்தாது அத்தை. கணக்குப் போட்டுக் காட்டினாங்கல்ல."

"கணக்கு. பொல்லாத கணக்கு. கப்பல் தலைவியம்மா போய்ப் படுத்துக்க வேண்டியதுதானே?"

அன்று வெயில் ஏறும்வரை பேசினார்கள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே ஆகிவிட்டது. அத்தையின் மகனைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. அப்படி யாரும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்துவிட்டது.

அத்தை ஓய்வு பெறும்வரை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்புகளை எடுத்தவர். நாள் முழுக்க அழுகையையும் கூச்சலையும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அவருக்கு யாருடைய குரலும் வேண்டாம். மகன் அந்த மௌனத்துக்குள்ளேயே வளர்ந்தவன். லிஃப்ட் பழுதுபார்ப்பவன், நல்லவன், ஆனால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். அவனும் அவளும் சண்டையே போடாமல் பிரிந்தார்கள். சண்டை போடுவதற்கும் பேச்சு வேண்டுமே.

மருமகளாக அந்த வீட்டில் இருந்த நாட்களில் அவள் தனியாக உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்ப்பாள். ஒருநாள் அந்தப் பக்கம் போன அத்தை நின்று பார்த்தார். திரையில் யாரோ உதவி கேட்டுக் கதற, கப்பல்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். "எங்க இருக்கீங்கன்னு முதல்ல கேளுங்கடா," என்று அத்தை திரையைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வாரம் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்கா நகரப் பேருந்து ஓட்டுபவள். வண்டிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"அறுத்துக்கிட்டு வந்த உறவு. அதுக்கு வாராவாரம் உரம் போட்டு வளர்க்கிறியா?" என்பாள் அக்கா.

"நாங்க கப்பலைப் பத்திப் பேசுறோம் அக்கா. அது வேற, இது வேற."

"கப்பலாம் கப்பல்."

சீசனின் நடுவில் ஓர் எபிசோட் வந்தது. ஆளில்லாமல் மிதக்கும் ஒரு பழைய கலத்திலிருந்து உதவி கேட்டு ஒரு குரல். கதவைத் திறக்கலாமா கூடாதா என்று கப்பல்காரர்களுக்குள் தகராறு. குளிர்பெட்டியிலிருந்து எழுந்து வந்த டாக்டரம்மா யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறாள். அத்தை இதற்கு என்ன சொல்வார் என்று நினைக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதிலுக்குத் தான் சொல்ல வேண்டியதையும் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அழைப்பு வரவில்லை. மதியத்துக்கு மேல் இவளே அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

திங்கட்கிழமை அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வில்லையைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் அழைத்தான். பிரிந்த பிறகு அவனிடமிருந்து வந்த முதல் அழைப்பு.

"அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. நேத்து காலைல, கையில போனை வச்சுக்கிட்டே சாஞ்சுட்டாங்க. மூளைல ரத்தக்குழாய் அடைப்பு. உயிருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. பேச்சுதான் வரல. உன் நம்பர்தான் திரைல இருந்துச்சு. சொல்லணும்னு தோணுச்சு."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடை முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

வார்டு வாசலில் செவிலியர் நிறுத்தினார். "நீங்க அவங்களுக்கு யாரு?"

என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவே இல்லை. "மருமக."

சொன்ன பிறகுதான் பின்னால் அவன் நிற்பது தெரிந்தது. கையில் தண்ணீர் பாட்டில். அவளுக்குக் காது சுட்டது. அவன் செவிலியரைப் பார்த்து, "ஆமா. உள்ள விடுங்க," என்றான்.

அத்தை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். இவளைக் கண்டதும் வாய் திறந்தது. ஏதோ ஓர் ஒலி வந்தது, சொல்லாகவில்லை. மறுபடி முயன்றார். கண்ணில் நீர் கோத்தது. மீண்டும் சுவரைப் பார்த்துக்கொண்டார். ஊரார் அழைப்புக்கெல்லாம் பதில் சொன்ன வாய் அது.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வெளியே வந்தபோது இவளிடம் சொன்னாள்: "நாம பேசுறது அவங்களுக்கு நல்லாப் புரியுது. பதில் சொல்ல வார்த்தைதான் கைக்கு எட்டல. பரிதாபப்பட்டுக்கிட்டு உட்காராதீங்க. பேசிக்கிட்டே இருங்க."

என்ன பேசுவது? மறுநாள் வேலை முடிந்து வந்தவள், வேறொன்றும் தோன்றாமல், சனிக்கிழமை எபிசோடைச் சொல்ல ஆரம்பித்தாள். அத்தை அசையவில்லை. கேட்கிறாரா தூங்கிவிட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் இருந்தது. களைப்பில் நாக்கு குழறி, "அப்புறம் அந்த மாலுமிப் பையன் போய்க் கதவைத் திறந்துட்டான்," என்றாள்.

கட்டிலில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. அத்தையின் இடது கை.

"இல்ல," என்றார் அத்தை.

அவள் கட்டிலருகே குனிந்தாள். அத்தையின் முகம் இவள் பக்கம் திரும்பியிருந்தது. புருவம் நெரிந்திருந்தது. உதடுகள் எதையோ தேடின. "டா... டாக்..."

"மாலுமிதானே அத்தை?"

"டாக்டர்," என்றார் அத்தை கோபமாக.

அவள் எழுந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "சரி சரி, டாக்டர்தான். எனக்கு எங்க ஞாபகம் இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் தப்பாகவே கதை சொன்னாள். செத்தவனை உயிரோடு நடமாட விட்டாள். தலைவியம்மாவுக்கும் எந்திரப் பொறியாளருக்கும் கல்யாணமே செய்து வைத்தாள். அத்தை கட்டிலை அடித்து, தலையை ஆட்டி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தார். "சீ" என்ற சொல் முதலில் தெளிவாக வந்தது. அடுத்து "பொய்". பிறகு ஒருநாள், "நீ... பாக்கவே... இல்லையா?" என்ற முழு வாக்கியம். பேச்சுப் பயிற்சிப் பெண் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "நான் படம் காட்டி ஆடு, மாடுன்னு சொல்லச் சொன்னா வாயே திறக்கல. இங்க என்னமா சண்டை போடுறாங்க," என்றாள்.

அவன் முதலில் இவள் வந்ததும் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவான். பிறகு வாசலில் நின்றான். அப்புறம் உள்ளே கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். ஒருநாள் இருவரும் தாழ்வாரத்து பெஞ்சில் இருந்தபோது, கையிலிருந்த காகிதக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்ப நீயும் அம்மாவும் பார்க்கும்போது வந்து உட்காரணும்னு நினைப்பேன். எனக்கு ஒண்ணும் புரியாது. வாயைத் திறந்தா தப்பா ஏதாவது சொல்லிடுவேனோன்னு வரல."

"தப்பா சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள். "ரெண்டு பேரும் சேர்ந்து உங்களைத் திட்டியிருப்போம். நல்லாத்தான் இருந்திருக்கும்."

அவன் தலையை ஆட்டினான். அவளுக்கு அவன்மேல் இருந்த வருத்தம் எப்போது போனது என்று தெரியவில்லை, தேடினால் காணவில்லை. மறுபடி சேர்ந்து வாழ வேண்டும் என்றும் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆறிப்போன தேநீரைக் குடிக்க முடிந்தது. அதுவே பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோதுதான் சிக்கல் வந்தது. வலது கால் இன்னும் வலுவாகவில்லை. சில வாரங்களுக்குப் படி ஏறக்கூடாது என்றார் மருத்துவர். அவர்கள் வீடு மூன்றாம் மாடி. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

அன்றிரவு அவள் இதைச் சொன்னபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து முன்னறையை ஒரு பார்வை பார்த்தாள்.

"நம்ம வீடு தரையோட தரையா இருக்கு. இந்த அலமாரியைத் தள்ளிப் போட்டா கட்டில் கொள்ளும். வரச் சொல்லு."

"அக்கா?"

"என்ன அக்கா? மனுஷி நடக்க முடியாம இருக்கு. பஸ்ல முடியாதவங்க ஏறினா எந்த ஊரு, எந்த உறவுன்னு கேட்டுக்கிட்டா இடம் விடுறோம்?" அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தாள். "நீ அந்தப் பக்கம் பிடி. மசமசன்னு நிக்காத."

சனிக்கிழமை பிற்பகல் அவன் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தான். நடைச்சட்டத்தை ஊன்றி, அடி மேல் அடி வைத்து, அத்தை அந்த வீட்டுக்குள் முதல்முறையாக நுழைந்தார். அக்காவைப் பார்த்துக் கும்பிடக் கையெடுத்தார். ஒரு கைதான் எழுந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினாள். "அத்தை, தலையணை போதுமா?" என்றாள். அத்தை என்று அழைக்கச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

மாலையில் புது எபிசோட் தொடங்கியது. கிளம்பப் போனவனிடம் அக்கா, "இருந்து பார்த்துட்டுத்தான் போங்களேன்," என்றாள். அவன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். ரிமோட் அவன் கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அக்காவால் பொறுக்க முடியவில்லை. "இந்தக் குட்டைமுடிக்காரி யாரு? எதுக்கு எல்லாரும் அவளைப் பார்த்து முறைக்கிறாங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அத்தை இடது கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். தானே சொல்வதாகச் சைகை காட்டினார்.

"அவ... டாக்டர்... கதவை..." என்று ஆரம்பித்தார். சொல் நின்றது. கண்ணை மூடித் தேடினார். திரையில் கப்பல் அதிர்ந்தது, யாரோ ஓடினார்கள், கதை பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

அவன் ரிமோட்டை எடுத்துத் தொடரை நிறுத்தினான். "சொல்லும்மா. மெதுவா சொல்லு," என்றான். "எனக்கும் தெரியாது."

அத்தை மகனைப் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.