மூன்று மாத்திரை, ஒரே மடக்கு

சித்திரை வெயிலில் நோன்பு வந்த எண்பத்தெட்டாம் வருஷம், அப்துல் ஹமீதுக்கு வலது கால் முட்டு வீங்கிக்கொண்டது. ராஜபாளையம் பஜாரில் இரும்புக் கடை. பகலெல்லாம் நின்றே வியாபாரம் பார்ப்பவர். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பள்ளிவாசலில் இரவுத் தொழுகையை உட்கார்ந்து தொழச் சொன்னதுதான் அவருக்கு ரோசமாகிவிட்டது. மனுஷர் வீம்புக்குப் பிறந்தவர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு மாத்திரையாகப் போடச் சொல்லியிருந்தார். நோன்பாளி மூன்று வேளைக்கு எங்கே போவார்? டாக்டரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாயங்காலம் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், அதோடு மூன்று மாத்திரையும் உள்ளே போய்விடும். கஞ்சியெல்லாம் அப்புறம்தான். மனைவி ஹாஜராதான் தினமும் பிரித்துக் கையில் கொடுப்பாள்.

வலி போன இடம் தெரியவில்லை. முழுத் தொழுகையும் நின்றே தொழுதுவிட்டு வந்தார். ஹாஜராவுக்கு வாயெல்லாம் பல். டாக்டரின் கைராசியை அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

நோன்பு பாதி தாண்டியபோது மலம் தார்போலக் கறுத்துப் போவதாக அவர் சொன்னார். பேரீச்சம்பழம் தின்றால் அப்படித்தான் என்று சமாதானமும் அவரே சொல்லிக்கொண்டார். முகம் வெளுத்தது, மூச்சு வாங்கியது. நோன்புக் களைப்பு என்று அவள் நினைத்தாள். வயிறு ஒரு நாளும் வலிக்கவில்லையே, வேறென்ன நினைப்பாள்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளித்துச் சட்டை மாட்டியவர், முற்றத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வயிறு, என்னத்தை எடுக்கப்போகிறார் என்று ஹாஜரா ஓடிவந்து பார்த்தாள். அத்தனையும் ரத்தம். அவர் அப்படியே சரிந்தார்.

வாடகைக் காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள், மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கில் எத்தனை தடவை விரல் வைத்துப் பார்த்தாளோ. டாக்டர் ரத்தம் ஏற்றச் சொல்லிவிட்டு, மாத்திரையை எப்படிப் போட்டார் என்று கேட்டார். சொன்னாள்.

பிறகு விளக்கினார். முட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகிற ஒரு பொருளை உடம்பே சுரக்கிறது. மாத்திரை அதைத் தடுக்கிறது. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான பூச்சைக் காக்கிறது. ரத்தத்தில் கலந்த மாத்திரைக்கு முட்டு எது, வயிறு எது என்று தெரியாது. பூச்சு தேய்ந்தால் வயிற்றின் அமிலம் வயிற்றையே அரித்துவிடும். மூன்றையும் சேர்த்துப் போட்டதில், அதுவும் வெறும் வயிற்றில், புண்ணாகிவிட்டது. புண் வலித்துக் காட்டிக்கொடுத்திருக்கும். அந்த வலியையும் மாத்திரையே அமுக்கிவிட்டது. மலம் கறுத்த அன்றைக்கே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார்.

“எங் கையால குடுத்தேனே டாக்டர்,” என்றாள் ஹாஜரா.

மறுநாள் மத்தியானம்தான் ஹமீது கண் திறந்தார். பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவளுக்கு நம்பிக்கை வராமல், கட்டிலை விட்டு நகராமல் நின்றிருந்தாள்.

“ஏட்டி, முட்டு உசிரு போவுது. அந்த மாத்திரை மிச்சம் இருக்கா?”

ஹாஜராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாய்க்கு வந்தபடி திட்டத்தான் நினைத்தாள். ஆனால் வேறு பேச்சுத்தான் வந்தது.

“வலிக்கட்டும். வலிக்குன்னு நீங்க சொன்னாத்தான், உசிரோட இருக்கியன்னு எனக்குத் தெரியும்.”